நகர ஓடையை மீட்டெடுத்தல்: நீர்ப்பிடிப்பிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஓர் ஓடையைச் சீரமைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரில் பொக்லைன் இறங்கி ஆகாயத்தாமரையையும் சேற்றையும் அள்ளிக் கரையிலேயே குவிக்கும். நிதி இருந்தால் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழும்பும், இன்னும் கொஞ்சம் இருந்தால் நடைபாதையும் வண்ண விளக்குகளும் வரும். முதல் பெருமழையில் குவித்த சேறு மீண்டும் ஓடைக்குள் இறங்கிவிட, அடுத்த செப்டம்பரில் அதே வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். ஓடைக்குள் என்ன வந்து சேர்கிறது, எங்கிருந்து சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் ஓடைக்குள் மட்டும் வேலை செய்வதுதான் இதற்குக் காரணம்.

இந்த வழிகாட்டி சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிரானது. அது நீர்ப்பிடிப்பிலிருந்து, அதாவது மழைநீர் வடிந்து ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதிலிருந்தும், தொடங்குகிறது. ஓடைக்குள் செய்யும் வேலை இதில் கடைசியாகத்தான் வருகிறது. எடுத்துக்காட்டாகத் தென்சென்னையின் வீராங்கால் ஓடையையும் அது சென்று சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இந்த ஓடை வழியே வேளச்சேரியைக் கடந்து பள்ளிக்கரணைக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பள்ளிக்கரணைக்கு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து, பல ஏரிகளின் வழியாக நீர் வருகிறது. ஆகவே ஓர் ஓடையின் கதை அந்த ஓடையோடு முடிவதில்லை.

முதல் படி: நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைதல்

வருவாய்த் துறை ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய புலப்படம், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய் (ஏரியின் நீர் தேங்கும் பரப்பு) என்று பதிவான நிலங்கள் தெரியவரும். இன்று நகரமாகிவிட்ட வேளச்சேரியும் ஆதம்பாக்கமும் ஒருகாலத்தில் ஏரிப்பாசனக் கிராமங்கள். அதனால் ஏரி நிறைந்தால் நீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே இருந்தது, போக்குக் கால்வாய் எத்தனை அகலத்தில் எந்தத் திசையில் போனது என்பதற்குப் பழைய ஆவணமே முதல் சாட்சி. அ-பதிவேட்டின் விவரங்களை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். பழைய கிராம வரைபடத்துக்கு மட்டும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் வீண்போகாது.

அடுத்து மேட்டையும் பள்ளத்தையும் அறிய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகள் மலைப்பாங்கான ஊர்களுக்கு நன்றாகவே உதவும். ஆனால் சென்னை போன்ற தட்டையான நிலத்தில் அந்தத் தரவின் பிழையே பல மீட்டர் இருக்கும்போது, அரை மீட்டர் உயர வேறுபாட்டில் திசை மாறும் நீரை அது காட்டாது. நில அளவைக் கருவி கொண்டு எடுத்த மட்டம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு முனையிலும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி இட்டுக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைநீர் வடிகால்கள் இயற்கையான எல்லையைத் தாண்டி நீரைக் கொண்டுபோகின்றன. பக்கத்து நீர்ப்பிடிப்பில் பெய்த மழை குழாய் வழியாக உங்கள் ஓடைக்கு வரலாம், உங்களுடையது வெளியே போகலாம். எனவே மாநகராட்சியின் வடிகால் வரைபடத்தையும் மேலே பொருத்திப் பார்த்த பிறகே எல்லை முழுமையாகும்.

எல்லைக்குள் கூரை, சாலை, சிமென்ட் தளம் என நீர் இறங்காத பரப்பு எத்தனை விழுக்காடு என்பதைத் தோராயமாகக் கணக்கிடுங்கள். அது 10 விழுக்காட்டைத் தாண்டும்போதே ஓடையின் உயிரினங்கள் குறையத் தொடங்குகின்றன என்பது நீரியல் அறிஞர்கள் பரவலாக ஏற்கும் ஒரு கணிப்பு. வேளச்சேரி போன்ற பகுதி அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் இங்கே ஆதிகால ஓடையைத் திரும்பக் கொண்டுவருவது இலக்காக முடியாது. நாறாத நீர், வீட்டுக்குள் புகாத வெள்ளம், மீனும் தட்டானும் பறவையும் வந்து தங்கும் கரை ஆகியவை எட்டக்கூடிய இலக்குகள். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது பின்னால் வரும் பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

இரண்டாம் படி: கோடையில் அளத்தல்

ஏப்ரல், மே மாதங்களில் மழையே இல்லாத ஒரு வாரத்தில் ஓடையில் நீர் ஓடுகிறது என்றால், சென்னையில் அதில் பெரும்பங்கு கழிவுநீராகவே இருக்கும். அந்த அளவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓடை நேராகச் செல்லும் 10 மீட்டர் நீளத்தை நாடாவால் அளந்து இரு முனைகளிலும் கயிறு கட்டுங்கள். மேல் முனைக்குச் சற்று முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை நீரின் நடுவில் போட்டு, ஒரு கயிற்றிலிருந்து மற்றதற்கு எத்தனை வினாடியில் போகிறது என்று கைபேசியில் பாருங்கள். இப்படி நான்கைந்து முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். நீர்மட்டத்தின் அகலத்தையும், பாலத்தின் மேலிருந்து கோல் விட்டு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். யாரும் நீருக்குள் இறங்க வேண்டாம்.

அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர், பழம் 40 வினாடியில் 10 மீட்டர் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர், குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் பெருக்குத்தொகையை 0.85ஆல் திருத்தினால், வினாடிக்கு ஏறத்தாழ 127 லிட்டர் கிடைக்கும். ஒரு நாளைக்கு அது 1.1 கோடி லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கல், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்பது வழக்கமான திட்டக் கணக்கு. அதன்படி ஒருவரின் பங்கு 108 லிட்டர். அப்படியானால், பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் அந்தச் சிற்றோடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. "நாலு வீட்டுக் குழாயை அடைத்தால் போதும்" என்று கூட்டங்களில் எழும் பேச்சை அடக்க இந்த ஒரு கணக்கு போதும்.

இதே அளவீட்டை ஒவ்வொரு பாலத்திலும் ஒரே காலையில் செய்யுங்கள். இரண்டு பாலங்களுக்கு நடுவில் நீரின் அளவு திடீரென்று கூடினால் அந்த இடைவெளியில் ஒரு பெரிய திறப்பு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாமல் நீர்மட்டத்துக்குக் கீழேகூட இருக்கலாம். வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கும் காலை 7 மணி வாக்கிலும், ஊர் உறங்கும் அதிகாலை 3 மணி வாக்கிலும் அளந்து ஒப்பிடுவது இன்னும் பயன் தரும். அதிகாலையில் ஏறக்குறைய வற்றிவிடும் குழாய் வீடுகளிலிருந்து வருவது. இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவது குடிநீர்க் குழாயின் கசிவாகவோ நிலத்தடி ஊற்றாகவோ இருக்கலாம். இரவில் மட்டும் பெருகுவது கழிவுநீர் லாரியின் வேலையா என்று பார்க்க வேண்டும். அம்மோனியா காட்டும் சோதனைத் தாளும், நீரில் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் பேனா வடிவக் கருவியும் இந்த ஐயங்களைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஓடைக்குள் வந்து விழும் ஒவ்வொரு குழாய்க்கும் எண் கொடுத்து, படமும் இடக்குறியும் நேரமும் பதிந்து ஒரு பட்டியலாக்குங்கள். அடுத்த படியின் வேலை முழுவதும் இந்தப் பட்டியலிலிருந்துதான் நடக்கும்.

மூன்றாம் படி: கழிவுநீரை மூலத்தில் நிறுத்துதல்

பட்டியலில் உள்ள குழாய்களில் பெரும்பாலானவை மழைநீர் வடிகால்களாகவே இருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு பெறாத வீடுகளும் அடுக்ககங்களும் உணவகங்களும் மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விடுவதால் வருவது இது. முறையான தீர்வு வீட்டிணைப்புதான். இணைப்புக் கட்டணத்தைத் தவணையாக வாங்குவதும், தெருவில் குழாய் இருந்தும் இணைக்காத பெரிய கட்டடங்களுக்கு முதலில் அறிவிப்பு அனுப்புவதும் விரைவாகப் பலன் தரும். ஆயிரம் சிறு வீடுகளைத் துரத்துவதற்கு முன்னால் பத்து அடுக்ககங்களைக் கவனித்தால் கழிவின் பெரும்பங்கு நிற்கலாம்.

இணைப்பு முடியும் வரை, வடிகால் ஓடையைத் தொடும் இடத்தில் குறுஞ்சுவர் கட்டி, கோடைக்கால ஓட்டத்தை மட்டும் கழிவுநீரேற்று நிலையத்துக்குத் திருப்பி விடலாம். மழைக்காலத்தில் மிகுநீர் சுவரைத் தாண்டி ஓடைக்குப் போகும். செலவு குறைவு என்பதால் துறைகளுக்கு இது மிகவும் பிடித்த வழி. ஆனால் இதையே நிரந்தரமாக்கிவிட்டால், ஒவ்வொரு மழையிலும் நீரேற்று நிலையம் தாங்காமல் ஆள்நுழைவுத் தொட்டிகள் வழியே தெருவில் கழிவு பொங்கும். ஆகவே திருப்பிவிடும் ஒவ்வொரு அமைப்புக்கும் அது எந்த ஆண்டு அகற்றப்படும் என்ற கெடுவைத் திட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

குழாய் போட முடியாத தாழ்வான பகுதிகளுக்குப் பரவலாக்கப்பட்ட சுத்திகரிப்பு பொருந்தும். கசடு தங்கும் தொட்டி, தடுப்பறைத் தொட்டி, நாணலும் கல்வாழையும் வளர்ந்த சரளைப் படுகை என்று அமையும் இந்த முறைக்குப் புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வெப்பமான நம் ஊரிலும் சரளைப் படுகைக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்பதால், நூறு குடும்பங்களுக்கு இது கைகூடும், மேலே பார்த்த ஒரு லட்சம் பேருக்குக் கைகூடாது.

ஒரு கட்டாய எச்சரிக்கை: அடைப்பைப் பார்க்கவோ குழாயைத் தேடவோ எந்தத் தொழிலாளியையும் ஆள்நுழைவுத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கும் ஒப்பந்தக்காரரும் அவருக்குப் பணி கொடுத்தவரும் குற்றவாளிகள். இணைப்பைக் கண்டறியப் புகை செலுத்தியோ சாயம் கரைத்தோ பார்க்கும் முறைகளும், குழாய்க்குள் செலுத்தும் கேமராவும் இருக்கின்றன.

நான்காம் படி: நிலமும் மனிதர்களும்

ஓடைக்கு இடம் கொடுக்காமல் ஓடையை மீட்க முடியாது. நில அளவையர் புறம்போக்கின் எல்லையை அளந்து கல் நட்ட பிறகே பேச்சு தொடங்க வேண்டும். அளக்காமல் நடக்கும் ஆக்கிரமிப்பு அகற்றம் நீதிமன்றத்தில் நிற்காது. தமிழ்நாட்டில் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், நீர்வளத் துறையின் ஏரிகளுக்கென 2007இல் வந்த தனிச் சட்டமும் இதற்கான வழிமுறைகளைத் தருகின்றன.

சட்டம் இருந்தும் அதன் கை யார்மேல் முதலில் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கூவம் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். அந்த இரண்டு இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. அதாவது, ஓர் ஆற்றைக் காப்பதாகச் சொல்லி அகற்றப்பட்டவர்கள் இன்னொரு நீர்நிலையின் விளிம்பில் குடிவைக்கப்பட்டார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டது அரசுதான். சதுப்பு நிலத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கை வளர்த்ததும் உள்ளாட்சிதான். ஆகவே திட்டத்தின் ஆக்கிரமிப்புப் பட்டியலில் அரசுக் கட்டடம், சாலை, கல்லூரி, குடியிருப்பு எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுகுடியமர்வு தவிர்க்க முடியாத இடத்தில், வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரத்துக்குள் வீடு கொடுப்பதைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மழையை மேலேயே தாமதப்படுத்துதல்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட மழையை எந்த மழைநீர்த் தொட்டியும் தடுக்காது. ஆனால் ஆண்டுக்குப் பலமுறை வரும் 5, 10 சென்டிமீட்டர் மழையைக் கையாள முடியும்.

கணக்கு எளியது. ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 லட்சம் லிட்டர். மரமும் மண்ணுமாக இருக்கும் நிலத்திலிருந்து அதில் இரண்டு, மூன்று லட்சம் லிட்டர்தான் வழிந்தோடும். அதே நிலத்தைத் தளம் போட்டுவிட்டால் எட்டு, ஒன்பது லட்சம் லிட்டர், அதுவும் மிகக் குறைந்த நேரத்தில், ஓடைக்கு வந்துவிடும். வேறுபாடான அந்த ஆறு லட்சம் லிட்டரை எங்கே, எத்தனை மணி நேரம் நிறுத்தி வைப்பது என்பதே நீர்ப்பிடிப்பு மேலாண்மையின் முழுக் கேள்வியும்.

இதற்கு முதல் விடை, ஏற்கெனவே இருக்கும் ஏரிகளும் குட்டைகளும் கோயில் குளங்களும்தான். ஏரியைத் தூர்வாருவதைவிட வரத்துக் கால்வாயைத் திறப்பதும், கலங்கலின் மட்டத்தையும் மதகையும் சரிசெய்வதும் முதன்மையானவை. வரத்து அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழமாக்கினாலும் அது கிண்ணமாகத்தான் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன்பே ஏரி கழிவுநீரால் நிறைந்திருந்தால் அதில் வெள்ளத்துக்கு இடமே இருக்காது என்பதையும் கவனியுங்கள். மூன்றாம் படி ஐந்தாம் படிக்கு முன்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். மணற்பாங்கான பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கசிவுக் கிணறு மிக நன்றாக வேலை செய்யும். களிமண்ணும் உயர்ந்த நிலத்தடி நீர்மட்டமும் கொண்ட வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில், நவம்பருக்குப் பிறகு கிணறே விளிம்புவரை நிறைந்து நிற்கும்போது, கசிவுக் குழியால் பயனில்லை. அங்கே தேவைப்படுவது நீரைத் தேக்கி, மெல்ல வெளியே விடும் அமைப்பு: கூரைநீர்த் தொட்டி, விளையாட்டுத் திடலைச் சாலையைவிட ஓர் அடி தாழ்த்தி அமைத்தல், சாலையோரப் புல்வாய்க்கால், பூங்காவுக்குள் குட்டை. மாநகராட்சி அமைத்துவரும் ஸ்பான்ஜ் பூங்காக்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. எந்த அமைப்பானாலும், அடுத்த மழைக்கு முன், ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள் வடிந்து காலியாகும்படி வெளியேறும் துளையை அளவிட வேண்டும். அதற்கு மேல் நீர் தேங்கினால் கொசு பெருகும்.

ஆறாம் படி: ஓடையின் வடிவம்

இப்போதுதான் மண்வெட்டி ஓடைக்குள் இறங்க வேண்டும். கழிவு நின்று, இடம் கிடைத்து, மேலே நீர் தாமதமான பிறகு, கான்கிரீட் பெட்டிக்குப் பதிலாக இரண்டடுக்கு வாய்க்காலை வடிவமைக்கலாம். நடுவில், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நீர் ஓடுவதற்கு ஒரு குறுகிய வளைந்த தடம். அதன் இருபுறமும் பெருமழையில் மட்டும் மூழ்கும் அகன்ற படிவுத் திட்டு. இயற்கை ஓடைகளில் ஒரு வளைவிலிருந்து அதேபோன்ற அடுத்த வளைவுக்கு உள்ள தூரம் அகலத்தின் பத்து முதல் பதினான்கு மடங்கு வரை இருக்கும் என்பது உலகெங்கும் அளந்து கண்ட விகிதம். இடம் இல்லாதபோது முழு வளைவு முடியாது. அப்போது சுவர்களுக்கு உள்ளேயே கல்லும் மண்ணும் கொண்டு தடத்தை மட்டுமாவது வளைக்கலாம்.

இதைச் செய்துகாட்டிய நகரம் சிங்கப்பூர். பிஷான் – ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேராக ஓடிய காலாங் ஆற்றின் கான்கிரீட் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். பூங்காவே வெள்ளச் சமவெளி. மழை வலுத்தால் எச்சரிக்கை ஒலிக்கும், மக்கள் மேலே ஏறிவிடுவார்கள். கல், செடி, தென்னை நார் வலை கொண்டு கரையை நிறுத்தும் முறைகளை முன்கூட்டியே சிறு நீளத்தில் சோதித்துப் பார்த்த பிறகே ஆறு முழுவதற்கும் பயன்படுத்தினார்கள். இந்தச் சோதனைப் பழக்கத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சியோல் நகரத்தில் மேம்பாலத்தை இடித்து 2005இல் திறந்த சோங்கேசோன் ஓடையையும் நம் அதிகாரிகள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அழகான நகர வெளிதான். ஆனால் அதில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் இறைத்து விடும் ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான நீர். நீர்ப்பிடிப்பை மீட்காமல் ஓடையை மட்டும் மீட்டால் மின்கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. ஓடையைக் குறுக்கே கடக்கும் சிறுபாலங்களின் திறப்பே பல இடங்களில் கழுத்தை நெரிக்கிறது. ஒரு பாலத்துக்கு மேலே எத்தனை அகலப்படுத்தினாலும் அந்தத் திறப்பு விடும் அளவுதான் நீர் போகும். கடலை நெருங்கும்போது ஓதம் (கடல் நீர்மட்ட ஏற்றம்) ஏறினால் நீர் வெளியேறாது, முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்தால் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகளில் நீர் நாட்கணக்கில் தேங்கி நின்றது. ஆகவே கீழ்முனையின் நீர்மட்டத்தை வைத்துக் கணக்கிடாத வடிவமைப்பு காகிதத்தில் மட்டுமே சரியாக இருக்கும். தோண்டி எடுக்கும் சேற்றை ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களுக்குச் சோதிக்காமல் வயலுக்கோ பூங்காவுக்கோ கொடுக்க வேண்டாம், கரையிலும் போட வேண்டாம்.

ஏழாம் படி: நடவு

நீரோரத்தில் கோரை, நாணல், வெட்டிவேர். அதற்கு மேல் நொச்சி. கரை உச்சியில் நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு. உப்புநீர் ஏறும் கீழ்முனையில் தாழையும் அலையாத்தி இனங்களும் பொருந்தும். ஆகாயத்தாமரையை எடுப்பதோடு, அது செழிக்கக் காரணமான கழிவின் சத்தையும் நிறுத்தியிருந்தால்தான் அது குறையும். சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வேரோடு பிடுங்கினால் கரை சரியும். பகுதி பகுதியாக அகற்றி, அங்கே உடனே மாற்றுச் செடி நட வேண்டும். நடவை முதல் மழைக்குப் பின் தொடங்குங்கள். இதற்கு மேல் நடவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செடி நடும் விழாவுக்கு ஆள் கிடைப்பது ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை.

எட்டாம் படி: கண்காணிப்பும் பராமரிப்பும்

குளிப்பதற்கேற்ற நீருக்கு இந்தியாவில் உள்ள வரையறை: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பயன்படுத்தும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நகர ஓடை இதை உடனே எட்டாது. ஆனாலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதம் ஒருமுறை எடுத்த அளவு ஏறுமுகமா இறங்குமுகமா என்பது போதிய செய்தி. ஆய்வகம் இல்லாதவர்கள் உயிரினங்களைப் பார்க்கலாம். அடிச்சேற்றை வலையில் அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டினால் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிகின்றன என்றால் ஆக்சிஜன் இல்லை. தட்டானின் இளம்பருவப் பூச்சிகளும் நத்தை வகைகளும் சேர்ந்து வரத் தொடங்கினால் நிலைமை தேறுகிறது. ஜிலேபிக் கெண்டை கெட்ட நீரிலும் பிழைக்கும் என்பதால் அதைக் கண்டு மகிழ வேண்டாம்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் பல திட்டங்கள் கவிழ்கின்றன. நீரோட்டத்துக்கு நீர்வளத் துறை, வடிகாலுக்கும் குப்பைக்கும் மாநகராட்சி, கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம், நிலத்துக்கு வருவாய்த் துறை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைக்கு வனத்துறை என்று ஒரே ஓடை ஐந்து மேசைகளில் கிடக்கிறது. மாதம் ஒருமுறை இந்த ஐந்து துறைகளின் உதவிப் பொறியாளர் அல்லது அதற்கு இணையான அலுவலர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் ஓடையோரமாகச் சேர்ந்து நடந்து, எண்ணிட்ட குழாய்ப் பட்டியலில் எது மூடப்பட்டது, எது திறந்திருக்கிறது என்று அங்கேயே கையெழுத்திடும் வழக்கம், அலுவலகக் கூட்டத்தைவிட அதிகம் சாதிக்கும்.

பணி ஒப்பந்தம் போடும்போதே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பைச் சேர்த்து, தொகையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கி வையுங்கள். ஆகஸ்டில் பாலத் திறப்புகளையும் குப்பை வலைகளையும் சுத்தம் செய்வது, செப்டம்பருக்குள் கலங்கலையும் மதகையும் இயக்கிப் பார்ப்பது, மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் நீர் எட்டிய உயரத்தைப் பாலத்தில் வண்ணக்கோடாகக் குறிப்பது, ஜனவரியில் அரித்த கரையைச் சரிசெய்வது, மே மாதத்தில் எலுமிச்சம்பழத்தோடு மீண்டும் பாலத்துக்குப் போய்க் கோடைக்கால ஓட்டத்தை அளப்பது என்று ஆண்டு அட்டவணை ஒன்றை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வைக்க வேண்டும். மே மாத அளவு முந்தைய ஆண்டைவிடக் குறையவில்லை என்றால், கரையில் செலவழிப்பதை நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.